நோயாளியிடம் எதைக் கேட்கலாம்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. தொழுநோய் வந்தும் தளராமல் நாட்டுக்கு உழைத்தவர் என்று அவரைப் பற்றி மேடைகளில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே பேச்சை ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால் அது எவ்வளவு கனக்கிறது என்பது விளங்கும். வலியோடு படுத்திருப்பவர் தலையில் சாதனை என்கிற கடனையும் ஏற்றி வைப்பது நியாயமா?

சிவா வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தவர். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் போராட்டத்தில் வ.உ.சி.யோடு நின்றார். 1908இல் நீதிபதி பின்ஹே அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912இல் வெளியே வந்தபோது சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியிருந்தது. வயது இருபத்தெட்டு.

அந்த நோய்க்கு அன்று உருப்படியான மருந்து கிடையாது. அது முதலில் கொண்டுபோவது உணர்ச்சியை. சுடச்சுட இருக்கும் டம்ளரைப் பிடித்தால் விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சுட்டதையே அறிய வேண்டும். செருப்புக்குள் கிடக்கும் கல்லும் அப்படித்தான், ரத்தம் கசிந்த பிறகே தெரியவரும். இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு அவர் ‘ஞானபானு’ இதழை நடத்தினார், நாடகம் எழுதினார், மீண்டும் சிறைக்கும் போனார். தொழுநோயாளி என்று சொல்லி ரயிலில் ஏறக் கூடாதென அரசு தடுத்தபோது கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

துன்பம் அவரைப் புடம் போட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது எளிது. அது தவறு என்பதோடு ஆபத்தும்கூட. நாட்டு விடுதலை என்ற எண்ணம் நோய்க்கு முன்பே அவரிடம் இருந்தது. நோய் அதைக் கொடுக்கவில்லை, முடிந்த மட்டும் பறிக்கப் பார்த்தது. துன்பத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கினால், அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த சிறையையும் சேர்த்து மன்னித்துவிடுகிறோம். இன்று தூசிலும் சாயத்திலும் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவரிடம் மனவுறுதியைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் செய்வதும் இதுதான்.

சிவாவின் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரயில் நிலையம் அவரை வெளியே நிறுத்தியது, பாப்பாரப்பட்டி இடம் கொடுத்தது. அங்கே நண்பர்கள் துணையோடு நிலம் வாங்கி, பாரதாசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பத் திட்டமிட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். உடம்பெல்லாம் புண்ணாக இருந்த மனிதரின் யோசனையை நம்பி, வங்கத்திலிருந்து ஒரு பெருந்தலைவர் இந்தக் காய்ந்த பூமி வரை வந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் வாழ்வுக்கு அர்த்தம் அவர் மனத்தில் மட்டும் விளைவதில்லை. அவர் சொல்வதைக் காரியமாக எடுத்துக்கொள்ள எதிரே ஆள் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வாரம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவரிடம், "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். நேற்றுவரை ராகி விதைப்பையும் மாட்டு வியாபாரத்தையும் அவரைக் கேட்டு முடிவு செய்தவர்கள், இன்று அவர் காதில் விழாதபடி திண்ணையில் பேசிக்கொள்கிறார்கள். மாத்திரை வேளாவேளைக்கு வருகிறது, கேள்வி மட்டும் வருவதில்லை. சிறுநீரகம் பழுதான அன்றே அவருடைய அறுபது வருஷ அனுபவமும் பழுதாகிவிட்டதா?

மறுபக்கமும் உண்டு. வேலை ஏதும் வேண்டாம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் போதும் என்று ஒருவர் நினைக்கலாம். அவர் சிவாவைவிடத் தாழ்ந்தவர் அல்ல. நோயில் ஒருவர் நோக்கத்தோடு வாழ்ந்தால் அது அவருடைய பெருமை, வாழ முடியாமல் போனால் அது அவருடைய குற்றமல்ல. அவருக்கான வழியை அடைத்துவைத்திருந்தால் அந்தக் குற்றம் நம்முடையது. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க 1898இல் வெள்ளையர் போட்ட சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2016இல்தான் நீக்கியது. கூட்டு மருந்தால் தொழுநோய் குணமாகத் தொடங்கி அதற்குள் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். நாற்பது வயது நிறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கோயில் அப்போது அடிக்கல்லோடு நின்றிருந்தது.