கட்டைவிரல் அளவு

யாருக்கும் தேவையில்லாமல் போய்விட்ட ஒரு வித்தையைச் சாகாமல் காப்பாற்ற வேண்டிய கடமை யாருக்காவது உண்டா? கேள்வி பொதுவாக இருக்கிறவரையில் பதில் சொல்வது சுலபம். ‘உண்டு, உண்டு’ என்று தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆகையால் இந்தக் கேள்வியை ஒரு ஜோடிக் கையுறைக்குள் அடக்கிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய குளிர் நாடுகளின் கையுறை அது. கட்டைவிரலுக்கு ஒரு தனி அறை. மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே அறை. அதைச் செய்யும் முறைக்கு நார்வேக்காரர்கள் நோலெபின்னிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஊசிக் கட்டு’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெண்கள் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறார்களே, அது வேறு. இதற்கு ஒரே ஊசிதான். எலும்பிலோ மரத்திலோ மான் கொம்பிலோ செதுக்கிய, காது உள்ள தட்டையான ஊசி.

பின்னலில் நூல் உருண்டை ஒரு பக்கம் கிடக்கும்; நூலை வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டே போகலாம். ஊசிக் கட்டில் அது நடக்காது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியோடு சேர்ந்து நூல் முழுவதும் உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும். ஆகையால் நூலைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஒரு துண்டு தீர்ந்ததும் அதன் நுனியையும் அடுத்த துண்டின் நுனியையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்ப்பார்கள். கம்பளி ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே நூலாகிவிடும், முடிச்சே கிடையாது. கண்ணியின் அளவை இடது கைக் கட்டைவிரல் தீர்மானிக்கிறது. நூலை அதில் சுற்றி, அந்தச் சுற்றுக்குள் ஊசியை விட்டு இழுப்பார்கள். அவரவர் கட்டைவிரல்தான் அவரவர் அளவுகோல். கையுறை முடிந்ததும் வெந்நீரில் போட்டு நன்றாகக் கசக்குவார்கள். அது சுருங்கி, தடித்து, காற்றுப் புகாத கெட்டித் துணி ஆகிவிடும். பின்னலில் ஓர் இழை அறுந்தால் கண்ணி கண்ணியாகப் பிரிந்துகொண்டு ஓடும். இதை நடுவில் கத்தரித்தாலும் மற்றக் கண்ணிகள் அசையாமல் நிற்கும்.

பின்னலைவிட இது மிகப் பழையது. எகிப்து நாட்டு மணலில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறைகள், 1,600 ஆண்டுகளுக்கு முந்தியவை, இவ்வகை ஊசி வேலைதான். செருப்பு மாட்டிக்கொள்ள வசதியாகப் பெருவிரலுக்குத் தனி இடம் விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில், வைக்கிங் மக்கள் 10-ஆம் நூற்றாண்டில் அணிந்த ஒரு காலுறை கிடைத்தது. அதுவும் இந்தக் கட்டுதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்க வைத்தது ஓஸ்லே கையுறையின் கதை. 1918-ல் ஸ்வீடனில் ஓஸ்லே என்ற ஊரின் சதுப்பு நிலத்தில் அகப்பட்டது அது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு கரிமக் கணிப்பு முறையில் சோதித்தபோது அது 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று தெரிந்தது. ஏறக்குறைய 1,300 ஆண்டு வித்தியாசம்! ஆராய்ச்சிக்காரர்கள் ஏமாந்தார்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நூற்றாண்டில் வைத்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு வேலையைக் கைகள் காத்துவந்திருக்கின்றனவே என்றுதான் தோன்றியது. காத்துத் தந்தது எந்த அரசாங்கமும் அல்ல, எந்த ஏடும் அல்ல. ஒரு கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டைவிரல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பின்னல் வந்தது, வேகமாக வேலை முடிந்தது. இயந்திரம் வந்தது, அதைவிட வேகமாக முடிந்தது. ஊசிக் கட்டு ஒதுக்குப்புறமான கிராமங்களுக்குப் பின்வாங்கிற்று. காட்டில் வேலை செய்கிறவர்கள், பனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கைகளில் இன்னும் கொஞ்ச காலம் தங்கிற்று. இன்று நார்வேயின் கைத்தொழில் சங்கம், அழியும் மிருகங்களுக்குப் பட்டியல் போடுவதைப் போல, அழியும் கைவேலைகளுக்கு ஒரு சிவப்புப் பட்டியல் என்று முயன்றுகொண்டிருக்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் உணர்ச்சிவசப்படுகிறவர் அல்ல. “ஐயா, குளிருக்குக் கையுறை வேண்டும், கடையில் கிடைக்கிறது. பகலெல்லாம் மாட்டையும் ஆட்டையும் கவனித்துவிட்டு, இரவில் கணப்பு வெளிச்சத்தில் கண் எரிய உட்கார்ந்து ஊசி இழுத்தவளைக் கேளுங்கள். அந்த ஊசியைக் கீழே வைத்த நாள் அவளுக்கு விடுதலை நாள். அவள் விடுதலைக்கு நீங்கள் ஒப்பாரி வைக்கிறீர்களா?” என்றார்.

நியாயமான கேள்வி. பழைய தொழில்களைப் பற்றிக் கண்ணீர் விடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலைச் செய்து வயிறு வளர்த்தவர்கள் அல்லர். அவளைப் பார்த்து, ‘நீ செய்துகொண்டே இரு, எங்களுக்குப் பார்க்க அழகாக இருக்கிறது’ என்று சொல்ல எந்த ரஸிகனுக்கும் உரிமை இல்லை. சொன்னால் அது கலையபிமானம் ஆகாது. பிறர் முதுகில் ஏறிக்கொண்டு செய்கிற சவாரி.

‘அதுதான் பொருட்காட்சிசாலையில் இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்கலாம். கையுறை இருக்கிறது, உண்மைதான். புத்தகங்களும் இருக்கின்றன. டென்மார்க்கில் மார்கிரெத ஹால்ட் 1950-லும், நார்வேயில் ஒட் நூர்லான்ட் 1961-லும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஏகோன் ஹான்சன் என்ற டென்மார்க்காரர், நூல் எதன் மேலே போகிறது, எதன் கீழே போகிறது என்பதைச் சில எழுத்துக்களால் குறித்துவைக்க ஒரு முறையே வகுத்தார். சங்கீதத்துக்கு ஸ்வரம் எழுதுகிற மாதிரி. ஆனால் ஸ்வரம் எழுதிய காகிதம் பாடாது. நூல் போகும் வழியை அந்த எழுத்துச் சொல்லும். கண்ணியை எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது விரலை நழுவ விட வேண்டும் என்பதைச் சொல்லாது. அது கட்டைவிரலுக்கு மட்டும் தெரிந்த சமாசாரம்.

ஆகவே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு வேலையை விட்டுவிடுவது வேறு. அது மறந்துபோகும்படி விட்டுவிடுவது வேறு. ஊசியைக் கீழே வைத்தாளே, அந்தப் பாட்டிக்கு அது தெரியும். தெரிந்து வைத்தாள், அது அவள் சுதந்திரம். அவள் பேத்திக்கு அது காட்டப்படவே இல்லை. அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அவள் முன் எதுவும் வைக்கப்படவில்லை. தெரியாததை ஒருத்தி எப்படித் துறக்க முடியும்? பாட்டியின் சுதந்திரத்தைப் போற்றுகிற என் நண்பர் பேத்தியின் சுதந்திரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

இப்போது உலகத்தின் பல மூலைகளிலும் சிலர் இதைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பொழுதுபோக்குக்காக, வைக்கிங் வேஷம் போடுவதற்காக, அல்லது சும்மா ஆசைக்காக. அவர்கள் முதுகுக்குப் பின்னால் குளிர் நிற்கவில்லை. ‘இது விளையாட்டு, அசல் அல்ல’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று கட்டாயம் இருந்தது. வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை. இன்று கட்டாயம் போய், வேண்டும் என்று ஒருவர் தாமாகச் சொல்கிறார். பழைய வித்தைக்கு இதைவிடக் கௌரவமான வரவேற்பு வேறு என்ன இருக்க முடியும்?

கடமை என்று ஏதாவது உண்டானால், அது மிகச் சின்னதாகத்தான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர் ஆயுள் முழுவதும் கையுறை செய்துகொண்டிருக்க வேண்டாம். தாம் நிறுத்துவதற்கு முன் ஒருவருக்குக் காட்டிவிட வேண்டும், ஒரே ஒருவருக்கு. மற்றவர்கள் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை: அவர் காட்டுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை. ஒரு ஜோடிக் கையுறை முடிகிற சில சாயங்காலங்கள் போதும். அப்புறம் கற்றவர் அதைச் செய்தாலும் சரி, பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் சரி. பூட்டுகிறவர் கையில் சாவி இருக்கும்.