உப்பும் ஓங்கிலும்

மரக்காணம் உப்பளத் தொழிலாளர் பாதங்களை வெடிக்கச் செய்யும் உப்பே கடலில் ஓங்கிலின் தோலைக் காக்கிறது. நன்னீர் மிகுந்தால் அதன் மேனி புண்ணாகும் என 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று தெளிவுபடுத்தியது. ஆகவே புண்ணைக் கண்டதும் நஞ்சென்பது அவசரம். டி.டி.டி. தங்குவது கொழுப்பில்; தோலில் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வங்கக் கடலின் தென்னிந்தியக் கரையோர ஓங்கில்களின் கொழுப்பில் அது இருந்ததை 1993இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தாய்ப்பால் வழியே குட்டிக்கும் சேருமாம்!

தீமையை நாடாமல், தக்க காரணத்தோடு செய்யும் நற்செயலை அறநெறி இறையியலின் இருவிளைவுக் கோட்பாடு ஏற்கிறது. மலேரியாவினின்று குழந்தைகளைக் காக்கச் சுவரில் தெளித்ததற்கு அது பொருந்தும். விளைச்சலுக்காக வயலில் தூவியதற்கு? 1962இலேயே ரேச்சல் கார்சன் எச்சரித்தார். இந்திய வேளாண்மையில் தடை 1989இல்தான் வந்தது. அந்த 27 ஆண்டுகளுக்கு அறியாமையைக் காரணம் காட்ட என் மனச்சான்று ஒப்பவில்லை.