சரக்கும் மனிதரும்

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். குலதெய்வக் கோயில் மலையடிவாரத்தில், எங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பஸ் வாடகையும் விசாரித்தேன். லாரி வாடகையும் விசாரித்தேன். லாரி பாதிக்கும் குறைவு. "நம்ம சனந்தானே, அனுசரிச்சுக்குவாங்க" என்றார் மைத்துனர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அரிசி மூட்டை, அண்டா குண்டா, இரண்டு கிடா, இவற்றோடு உறவினர் நாற்பது பேரும் லாரியில். நானும் வீட்டாரும் காரில்.

முக்காலி போட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்த பெரிய அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் இதிலேயே வாயேன் தம்பி, காத்தாட இருக்கும்" என்றாள். குத்திக்காட்டத் தெரியாதவள் அவள், மனசாரத்தான் அழைத்தாள். "எனக்கு இடுப்பு வலி, அத்தை" என்றேன். அவளுக்கு அப்போது வயது எழுபத்தைந்து!

எல்லாரும் பத்திரமாகப் போய்த் திரும்பினோம். ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராத காரியத்தைத் தவறு என்று சொல்லலாமா? இந்தக் கேள்விதான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

மூட்டை, போட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும். மனிதன் நிற்கிறான்; திருப்பத்தில் சாய்கிறான்; அவன் சாயும் பக்கம் வண்டியின் பாரமும் சாய்கிறது. பல டன் சுமைக்காகச் செய்த ஸ்பிரிங் நாற்பது பேருக்கு மசிவதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடுகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை; பக்கப் பலகைதான் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை 1994-இல் திருத்தினார்கள். சரக்கு வண்டியில் தன் சரக்கோடு செல்லும் உரிமையாளருக்கும் அவருடைய ஆளுக்கும் கட்டாய இன்ஷூரன்ஸ் பாதுகாப்புக் கிடைத்தது. சும்மா ஏறிச் செல்கிறவருக்கு அது கிடையாதென்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சரக்கு வண்டியில் ஆளை ஏற்றாதே என்பதுதானே அதன் எண்ணம்? ஆனால் விபத்து நேர்ந்திருந்தால், அத்தையின் பிள்ளைகள் அந்த லாரிக்காரரிடம்தான் போய் நின்றிருக்க வேண்டும். அவரிடம் என்ன இருந்திருக்கும்? மிச்சம் பிடித்தவன் நான், நஷ்டம் அவர்களுக்கு.

பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊரில், நடுநிசியில், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஏற்றிச் செல்லும் லாரிக்காரரை யார் குற்றம் சொல்ல முடியும்? வேறு வழி இல்லாதபோது அது உதவி. வழி இருந்தும் பணத்துக்காகச் செய்தால் அதற்கு வேறு பெயர்.

அப்படியானால் நானும் லாரியில் ஏறியிருந்தால் சரியாகிவிடுமா? ஆபத்து இம்மியும் குறைந்திராது. ஆனால் கணக்குப் போடும்போது என் உயிரையும் சேர்த்துப் போட்டிருப்பேன். அப்போது பஸ் வாடகை அவ்வளவு அதிகமாகத் தோன்றியிராது.

அடுத்த பேரனின் காதுகுத்துக்குப் பஸ் பேசினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தை, லாரியில் வந்த காற்று இதில் வரவில்லையென்று வழிநெடுகக் குறைப்பட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.