கழிவுக் கடதாசியும் அமானிதமும்

1997ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு மாலைப்பொழுது. எங்களூர்க் கடற்கரையில் மனைவி பிள்ளைகளோடு அமர்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்தேன். சரை காலியானதும் வழமைபோல் அதைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். கையில் வந்த கடதாசியை வாசிக்காமல் எறிவது என்னால் என்றைக்குமே இயலாத காரியம். சிறுவயதில் எத்தனையோ தொடர்கதைகளை, தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல், சரையில்தான் படித்திருக்கிறேன். அன்று கையிலிருந்தது தொடர்கதையல்ல, அச்சடித்த படிவமொன்று. அதை நிரப்பியிருந்த கையெழுத்து என்னுடையது. கீழே என் சுருக்கொப்பமும் இருந்தது.

நான் அப்போது ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில், நகை ஈட்டுப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்தேன். படிவம் எண்பதுகளின் இறுதியில் நிரப்பப்பட்டது. ஒரு தாய் இரண்டரைப் பவுண் மாலையொன்றை ஈடு வைத்திருந்தார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், பதக்கத்தில் பொறித்த எழுத்து வரைக்கும் நகையின் அடையாளம், கடன் பெறும் காரணம் எல்லாம் அதில் இருந்தன. ‘இளைய மகனை வெளிநாடு அனுப்ப’ என்று காரணம் எழுதியிருந்தேன். எழுதாத ஒன்றும் எனக்கு நினைவிருந்தது. மாலை அவருடையதல்ல, மூத்த மருமகள் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்தது. “மருமகளுக்குத் தெரியா மகன். எடுத்த உடனே அவட பெட்டிக்குள்ள வச்சிருவன்” என்று மெல்லிய குரலில் சொன்னார். சொன்னபடியே எட்டு மாதத்தில் மீட்டுக்கொண்டும் போனார். அவர் வரையில் அந்த விடயம் அன்றோடு முடிந்துவிட்டது.

(வட்டிக்குக் கொடுக்கும் இடத்தில் உத்தியோகம் பார்த்தவன் அமானிதத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரையில் அதற்குப் பதில் சொல்லி முடியாது.)

அந்தப் படிவம் கடற்கரைக்கு எப்படி வந்தது என்று நான் யாரையும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. முந்திய வருடம் கிளையை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது பழைய கோவைகளை ஒழிக்கும் பொறுப்பு என்னிடம்தான் தரப்பட்டது. கணக்காய்வு முடிந்தவை, மீட்கப்பட்டவை, இனித் தேவைப்படாதவை என்று தரம்பிரித்து ஒன்பது சாக்குகளில் கட்டினேன். பழைய பேப்பரும் போத்தலும் வாங்கும் ஒருவர் தராசோடு வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போனார். கிடைத்த காசில் அலுவலகத்தில் எல்லோரும் புரியாணி சாப்பிட்டோம். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று மனேஜர் பாராட்டினார்.

மறுநாள் கச்சான் வியாபாரியைத் தேடிப்போனேன். வண்டிலில் ஒரு சாண் உயரத்துக்குக் கடதாசி அடுக்கி வைத்திருந்தார். முழுவதையும் விலைக்குக் கேட்டேன். “கவுண்மேந்துக் கடதாசா காக்கா?” என்று பயந்துபோய்க் கேட்டார். ஓமென்று பொய் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்ததில் எங்கள் படிவங்கள் பதினொன்று இருந்தன. மற்றவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித் தாள்கள். பதினொன்றையும் அடுப்பில் போட்டேன். ஒன்பது சாக்கில் பதினொரு தாள்!

அன்றிலிருந்து என்னை விடாமல் தொடரும் கேள்வி இதுதான். நான் செய்த பிழை என்ன? திருடவில்லை. யாருடைய இரகசியத்தையும் வாய்திறந்து சொல்லவில்லை. தேவையற்ற கடதாசியை விற்றேன். நாட்டில் எல்லாக் கந்தோரிலும் நடப்பதுதான். அந்தப் படிவங்கள் இரும்பு அலுமாரியில் இருந்த காலமெல்லாம் அதற்கு இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று மனேஜரிடம், மற்றது என்னிடம். இருவரும் சேர்ந்தாலன்றித் திறக்க முடியாது. அந்தப் பூட்டைத்தான் நான் அமானிதம் என்று நம்பியிருந்தேன். பிறகு யோசித்தபோதுதான் விளங்கிற்று, அந்தப் பூட்டு அந்தத் தாய்க்காகப் போடப்பட்டதல்ல. கடன் வசூலாகும்வரை நிறுவனத்துக்கு அந்தத் தாள் தேவைப்பட்டது, அதனால் காத்தோம். எங்கள் தேவை தீர்ந்த அன்றே அது குப்பையாகிவிட்டது. ஆனால் அவரது தேவை அன்று தீரவில்லையே! மருமகள் உயிரோடு இருக்கிறாள். பதக்கத்தில் அதே எழுத்து இருக்கிறது. எனக்குப் பழசாகிப்போன தாள் அவருக்குப் பழசாகவில்லை.

எறிந்த பொருளுக்கு உரிமை கோர முடியாது என்றொரு வாதம் உண்டு. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988இல், கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில், வீட்டுக்கு வெளியே வீதியோரம் வைக்கப்பட்ட குப்பைப் பையைப் பொலிஸார் ஆணையின்றிக் கிளறலாம் என்று தீர்ப்பளித்தது. பிராணிகளும் சிறுவர்களும் கிளறக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு அந்தரங்கம் என்று சொல்ல முடியாது என்பது அதன் நியாயம். தன்னுடைய குப்பையைத் தானே வெளியில் வைத்தவனுக்கு இந்த நியாயம் பொருந்தலாம். அடுத்தவருடைய அந்தரங்கத்தை என் குப்பையாக நான் எறியும்போது அது எப்படிப் பொருந்தும்? அந்தத் தாய் எதையும் எறியவில்லை.

இதற்கு இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. பெரிய நகரங்களில் பூட்டிய பெட்டிகளைக் கந்தோரில் வைத்து, நிறைந்ததும் லொறியில் ஏற்றிச் சென்று, அல்லது வாசலிலேயே அரைத்து, அழித்தாயிற்று என்று சான்றிதழும் கொடுக்கும் கம்பனிகள் உண்டு. எந்தத் தாளை எவ்வளவு சிறிதாக வெட்டவேண்டும் என்பதற்கு ஜேர்மனியர் 2012இல் ஒரு நியமமே வகுத்தார்கள். அதில் ஏழு படிகள். முதற்படியில் 12 மில்லிமீற்றர் அகலக் கீற்றுகளே போதும். ஏழாம் படியில் ஒரு துணுக்கு 5 சதுர மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு மிளகு விதைக்குள் அடங்கக்கூடிய அளவு.

இவ்வளவு கண்டிப்பு வீண் பயத்தினால் வந்ததல்ல. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் அவசரமாகக் கீற்றுக் கீற்றாக வெட்டிப்போட்ட ஆவணங்களை ஈரானியர் பொறுமையாக அருகருகே வைத்து ஒட்டி, பின்னர் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டார்கள். கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ் 1989இன் கடைசி மாதங்களில் தன் கோவைகளை அழிக்க முற்பட்டது. இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் கையாலும் கிழித்தார்கள். ஏறத்தாழ 16,000 சாக்குகள் மிஞ்சின. 1995 முதல் அவற்றைத் துண்டு துண்டாகப் பொருத்தி வந்தார்கள். தன்னை உளவு பார்த்தவன் அண்டை வீட்டானா, உடன்பிறந்தவனா என்று அறியும் உரிமை அந்த மக்களுக்கு இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தடுமாற்றம் வருகிறது. அழிப்பதே அமானிதம் என்று சொல்லிவிட முடியவில்லை. என்ரொன் கம்பனி 2001இல் சரிந்தபோது, அதன் கணக்காய்வாளரான ஆர்தர் அண்டர்சன் நிறுவனம் தொன் கணக்கில் கடதாசிகளை அழித்தது. 2002இல் குற்றவாளியாகக் காணப்பட்டது. ஜூரிக்கு நீதிபதி தந்த அறிவுறுத்தல் பிழையென்று 2005இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. ஆனால் நிறுவனம் அதற்குள் சிதைந்துவிட்டிருந்தது. ஏழையின் மானத்தைக் காக்கும் அதே பற்கள்தான் முதலாளியின் களவையும் மறைக்கின்றன. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அதிலும், ஒரு கடதாசி இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். காணி உறுதியைக் கையோடு எடுத்துவர முடியாதவர்கள், தம் சொந்த வளவைத் தம்முடையதென்று நிரூபிக்கப் பட்ட பாட்டை நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26இல் எங்கள் கரையோரத்தில் கடல் கொண்டுபோன பெட்டிகளில் பிறப்புச் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகங்களும் இருந்தன. ஈர மண்ணிலிருந்து பொறுக்கிய தாள்களைக் கொடியில் துணி காயவிடுவதுபோல் காயவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஆகையால், எதையும் ஒழிக்குமுன் ஒரு கந்தோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி ‘இது நமக்கு வேண்டுமா?’ என்பதல்ல, ‘இது யாருடையது?’ என்பதுதான். அந்த ஒன்பது சாக்கில் திருப்பிக் கொடுக்கவேண்டிய தாள்களும் இருந்திருக்கும். நான் அப்படிப் பார்க்கவே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தச் சாக்குகளை வாங்கியவர், வீடுகளில் கோதுமை மாப் பசை காய்ச்சிப் பை ஒட்டும் பெண்களுக்குத்தான் தாள் கொடுத்தார். அவர்களில் கணவனை இழந்தவர்களும் இருந்தார்கள். எல்லாத் தாளையும் அரைத்துவிட்டால் அவர்களது பிழைப்பு என்னவாகும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒருவரது மானத்தை விற்று இன்னொருவருக்கு உதவி செய்தேன் என்று பெருமைப்பட முடியுமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் சமாதானமடையவில்லை. உண்மையில் நானும்தான்.

2022இல் நமது பாராளுமன்றம் ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஒருவரைப் பற்றிய தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதும் அதில் ஒரு கடப்பாடு. முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டது. வரட்டும். ஆனால் போட்டோக் கொப்பிக் கடையில் பழுதாகிப்போன அடையாள அட்டைப் பிரதி, இயந்திரத்துக்குக் கீழேயுள்ள பெட்டியில் விழுந்து, மறுநாள் பின்பக்கம் எழுதும் துண்டாக யாரோ ஒருவர் கைக்குப் போவதை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? நான் இப்போதெல்லாம் பழுதான பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறேன். கடைப்பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான்.

அந்தத் தாய் 2011இல் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, “எங்கட உம்மா யாருக்கும் ஏதும் கடன்பட்டிருந்தா எங்கக்கிட்டச் சொல்லுங்க” என்று அறிவித்தார். அவரது மனைவியின் மாலைதான் அது. கடன்பட்டவன் ஸப்பில் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்வது? சொன்னால் இருபது வருடம் காக்கப்பட்ட இரகசியத்தை நானே இரண்டாந்தடவை உடைத்தவனாவேன். தக்பீர் சொல்லப்பட்டது. கையைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் உம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; குர்ஆன் ஓதுவார். தெருவில் அரபெழுத்துள்ள துண்டொன்றைக் கண்டால் குனிந்து எடுத்து முத்தமிட்டு, சுவர்ப் பொந்தில் வைப்பார். கிழிந்த முஸ்ஹபுகளையும் கிதாபுத் தாள்களையும் இடுவதற்கு எங்கள் பள்ளிவாசலில் இன்றைக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. நிறைந்ததும் மிதிபடாத இடத்தில் புதைப்பார்கள். யூதர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. பழைய கெய்ரோவின் ஜெப ஆலயமொன்றில் இறைவன் பெயர் இருக்கக்கூடும் என்றெண்ணி எறியாமல் சேர்த்த தாள்கள் இலட்சக்கணக்கில் கிடந்தன. அவற்றில் வணிகரின் கடன் கணக்குகளும் குடும்பக் கடிதங்களும் இருந்தன. 1896-97இல் பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று, எஸ்.டி. கொய்ட்டைன் அவற்றைக் கொண்டு மத்தியதரைக்கடல் வாழ்வின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். நானும் ஆவலோடு படித்தேன். எத்தனை நூற்றாண்டு கழிந்தால் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாம் என்ற கேள்வி படிக்கும்போது எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற வருடம் எங்கள் பள்ளி நிருவாக சபையில் ஒரு யோசனை சொன்னேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைப்போம். மருந்துச் சீட்டு, அடகுச் சீட்டு, வங்கிக் கடிதம், பழைய விண்ணப்பம் எல்லாவற்றையும் ஊரார் அதில் போடட்டும். மாதமொருமுறை சேர்த்து எரிப்போம் என்றேன். தலைவர் ஹாஜியார் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, “அல்லாஹ்ட பேர் இருக்கிற கடதாசிக்கித்தானே பெட்டி, தம்பி. மத்ததெல்லாம் பள்ளிக்கி என்னத்துக்கு?” என்றார்.

“ஹாஜியார், உங்கட பேரென்ன?” என்று கேட்டேன்.

அப்துர் ரஹ்மான் ஹாஜியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செயலாளரைப் பார்த்து, தகரப் பெட்டியா, பலகைப் பெட்டியா மலிவு என்று விசாரித்தார்.