சத்தியத்தைக் காத்தவனுக்குத் தண்டனையா?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மகிழமரத்தடிச் சத்தியத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சங்கிலி நாச்சியாரை மணந்தபோது, உன்னைப் பிரிந்து இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று சுந்தரர் அந்த மரத்தடியில் ஆணையிட்டார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வரவே ஊர் எல்லையைத் தாண்டினார். கண்ணொளி போயிற்று. சிவனுக்கே நண்பர், தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவருக்கே சலுகை கிடைக்கவில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் கழித்தவன் நான். சத்தியத்தை மீறியவர் தண்டனை பெற்றதைப் புராணத்தில் படித்தேன். சத்தியத்தைக் காத்தவன் தண்டனை பெற்றதைக் கோர்ட்டில் பார்த்தேன். ராயபுரத்துப் பையன் ஒருவன் ராணுவத்தில் சேர்ந்து வடக்கு எல்லையில் இருந்தான். அவன் அப்பா குடியிருந்து விட்டுப்போன வீட்டில் பங்கு கேட்டுச் சித்தப்பா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். மகன் லீவில் வந்தால் கொடுக்கலாம் என்று, வந்த சம்மனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார் அம்மா. வாய்தா அன்று பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி, அதாவது அவன் இல்லாமலே அவனுக்கு எதிராகத் தீர்ப்பு. "வரமாட்டேன்னா சொன்னான்? லீவு குடுக்கலன்னா அவன் என்னய்யா பண்ணுவான்?" என்று அந்த அம்மா எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்.

அது சட்டக் கேள்வி மட்டுமல்ல, அறக் கேள்வி. படையில் சேருகிறவன் கீதையோ குர்ஆனோ பைபிளோ, தன் மறைநூல் சாட்சியாக உறுதி எடுக்கிறான். தரை வழியோ கடல் வழியோ வான் வழியோ, ஏவிய இடத்துக்குப் போவேன் என்பது அதன் சாரம். சுந்தரரை ஓர் ஊரில் நிறுத்தியது ஒரு சத்தியம். இவனை ஊரைவிட்டு அனுப்பியது ஒரு சத்தியம். அதை வாங்கிக்கொண்டு அனுப்பியவர்கள் நாம். அனுப்பிய நாமே, ஏன் வரவில்லை என்று கேட்டு வீட்டைப் பறிக்கலாமா?

இந்தக் கேள்வி பழையது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததே, அந்த முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். அப்படிப் போனவர்களின் வழக்குகளுக்காக 1918-ல் ஒரு சட்டம் வந்தது. அதைத் திருத்தித் தொகுத்ததே 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம். போர்ச் சூழலிலோ, சட்டம் குறிப்பிடும் சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் வீரருக்காக யாரும் ஆஜராகவில்லை என்றால், நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்து உரிய அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் அத்தகைய பணியில் இருக்கிறார், நீதியின் பொருட்டு ஒத்திவைப்புத் தேவை என்று அந்த அதிகாரியின் சான்று வந்தால் ஒத்திவைக்க வேண்டும். தீர்ப்பே ஆகிவிட்டாலும் அதை ரத்துசெய்யக் கோரலாம். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமோ, வழக்குக்காக லீவில் வருகிறவரின் வழக்கைக் கூடியவரை அந்த லீவுக்குள்ளேயே முடிக்கச் சொல்கிறது. அந்தப் பையனின் கமாண்டிங் ஆபீசர் கடிதத்தை வைத்து மனுப் போட்டோம். தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது.

சித்தப்பாவின் பக்கமும் நியாயம் உண்டு. எண்ணூரில் கான்ட்ராக்ட் கூலியாக உழைத்தவர். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் சட்டம் அவருடைய பங்கை அழிக்கவில்லை. மற்றவனையும் கேட்டுவிட்டுக் கொடு என்கிறது. திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலிலேயே வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. அவளைக் கண்ணகியோடு சேர்த்துத்தான் எங்கள் ஊர் பேசும். கோவலனை விசாரிக்காமல் கொன்ற பாண்டியனுக்குச் செங்கோலும் நிற்கவில்லை, உயிரும் நிற்கவில்லை. கேளாமல் கொடுத்த தீர்ப்பு, ஜெயித்தவருக்கும் உதவாது.

அந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுவது நான்காம் பிரிவை. எதிராளி போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் படைவீரர் என்று நம்பக் காரணம் இருந்தால், வழக்குப் போடுகிறவரே அதைத் தம் பிராதில் சொல்லிவிட வேண்டும். வாய் திறக்க ஆளில்லாத இடத்தில், அவனுக்காக முதலில் பேச வேண்டியவர் அவனுடைய எதிரிதான். எந்தச் சமயமும் மனிதனிடம் இதைவிடப் பெரிய நேர்மையைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிராது தயாரிக்கும்போது, எதிர்க்கட்சியில் யாராவது படையில் இருக்கிறார்களா என்று கட்சிக்காரரிடம் கேளுங்கள். இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மகனைப் படைக்கு அனுப்பிய தாய்மார்களே, கோர்ட்டுக் காகிதம் வந்தால் அன்றைக்கே மகனுக்கும் அவனுடைய யூனிட்டுக்கும் தெரியப்படுத்துங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். அது நீங்கள் யாரிடமும் கேட்கும் சலுகை அல்ல, உங்கள் மகனின் உரிமை.