அடுத்தவர் வீட்டுச் சாவி

சங்கரன்கோவில் பக்கம் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இன்னும் நடக்கிறது. “தண்ணி வந்தா புடிச்சு வைங்கக்கா.” அவ்வளவுதான் ஒப்பந்தம். யார் திறக்கிறார்கள் என்று பூட்டுக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும்.

ஏபிஐ கீக்கு அந்தத் தெரு கிடையாது. நம் புரோகிராம் வேறொரு சேவையின் சர்வரிடம் போய் நின்று காட்டும் நீளமான எழுத்துச் சரம் அது. பல சர்வர்கள் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. வைத்திருப்பவர்தான் உரிமையாளர். அதைக் கோடுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, பதறிப்போய் அடுத்த கமிட்டில் அழித்தாலும், பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். அந்தக் கீயை ரத்து செய்து புதிதாக வாங்குவது ஒன்றே வழி.

இதையெல்லாம் ‘கவனக்குறைவு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். என் குடையை பஸ்ஸில் விட்டால் அது கவனக்குறைவு, நனையப்போவது நான். இங்கே நனைவது யார்?

2016இல் ஊபர் எஞ்சினியர்களின் கிட்ஹப் களஞ்சியத்துக்குள் இரண்டு பேர் திருட்டுத்தனமாக நுழைந்தார்கள். அது எல்லோரும் பார்க்கிற பொதுக் களஞ்சியம்கூட இல்லை, தனிப்பட்டது. உள்ளே கோடோடு கோடாக அமேசான் கிளவுடின் கீ இருந்தது. அதை வைத்துப் பயணிகள், டிரைவர்கள் என 5.7 கோடிப் பேரின் தகவல்களை அள்ளினார்கள். கீ ஊபருடையது, சரி. அது திறந்த அறையில் இருந்த பெயர்களும் போன் நம்பர்களும்? அந்த டிரைவர்களில் எத்தனை பேருக்கு ஏபிஐ என்ற சொல்லாவது தெரிந்திருக்கும்?

கம்பெனி அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது, பிழை கண்டுபிடித்ததற்கான சன்மானம் என்ற பெயரில். விஷயம் வெளியே வர 2017 நவம்பர் ஆயிற்று. பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அதுவும் கீ கசிந்ததற்காக இல்லை, அரசு விசாரணையிடம் மறைத்ததற்காக. சட்டத்துக்குக் கசிவு விபத்து, மறைப்பு குற்றம். நியாயம்தான். ஆனால் கீயைக் கோடுக்குள் ஒட்டிய அந்த முதல் நிமிஷத்தை இந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

“டெட்லைன் இருந்துச்சு, அப்புறம் மாத்திக்கலாம்னு நெனச்சேன்” என்கிற பதில் நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. நெருக்கடி உண்மைதான். ஆனால் ‘அப்புறம்’ என்று தள்ளிப்போடும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது? பக்கத்து வீட்டு அக்கா சாவியைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால், திருடு போகாவிட்டாலும் நமக்குக் கோபம் வரும். எதுவும் போகவில்லையே என்று அவரும் வாதாட மாட்டார். ஏனென்றால் சாயங்காலம் நம் முகத்தைப் பார்க்க வேண்டும். 5.7 கோடி முகங்களை எந்த எஞ்சினியரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.