ஆந்தையும் வெள்ளியும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பது அறிவுடைமையா, வீண் ஆசையா என்னும் கேள்வி நெடுங்காலமாக உள்ளது. நாம் இங்கு ஆராயப் புகுவது அதுவன்று. சேர்த்த பொருளை எவ்வாறு நோக்குதல் முறை என்பதே நம் கேள்வி.

ஈப்போவிலுள்ள நண்பர் ஒருவர் பழைய கிரேக்க வெள்ளி நாணயங்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகின்றார். அண்மையில் அவர் இல்லம் சென்றிருந்தபொழுது, ஏதென்ஸ் நகரத்து நாணயம் ஒன்றை நம் உள்ளங்கையில் வைத்தார். மதிப்பு நான்கு திரக்மா. எடை ஏறக்குறைய 17 கிராம். ஒரு புறம் தலைக்கவசம் அணிந்த அதீனா தெய்வத்தின் முகம். மறு புறம் அகன்ற கண்களையுடைய ஆந்தை, ஒலிவக் கிளை, பிறைமதி, நகரின் பெயரைச் சுட்டும் மூன்று எழுத்துக்கள். நம்மவர் ஆந்தையின் அலறலைக் கேட்டால் சாவு வரும் என்று அஞ்சுவர்; கிரேக்கரோ அதனை அறிவின் அடையாளமாகக் கொண்டனர். சின்னத்தின் பொருள் பறவையிடத்தில் இல்லை, மனிதர் மனத்திலேயே உள்ளது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆனால் இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது? ஏதென்ஸுக்குத் தென்கிழக்கேயுள்ள லாரியத்துச் சுரங்கங்களிலிருந்து. கி. மு. 483-ஐ ஒட்டி ஆங்கே வளமான வெள்ளிப் படிவம் ஒன்று வெளிப்பட்டது. அச்செல்வத்தைக் குடிகள் தமக்குள் பங்கிட எண்ணினர். தெமிஸ்டாக்ளிஸ் அவர்களை இணங்கச் செய்து அதனைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்டுவித்தார். கி. மு. 480-இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகர் தோற்றனர். உலகம் அதனை விடுதலையின் வெற்றி என்று போற்றுகின்றது. சுரங்கத்தில் வெள்ளியை வெட்டியோரோ பெரும்பாலும் அடிமைகள்! நிக்கியாஸ் என்னும் செல்வர் 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல் பெற்றார் என்று ஜெனோபன் எழுதியுள்ளார். ஆறு ஒபோல் கொண்டது ஒரு திரக்மா. ஆகவே அந்த ஆந்தை நாணயம் ஓர் அடிமையின் 24 நாள் வாடகை. அதுவும் அவன் கைக்கன்று, அவனை உடையவன் கைக்கு.

இக்கணக்கைக் கூறியதும், "அழகை அழகாகக் காண விடமாட்டீர்களா?" என்று நண்பர் வினவினார். நியாயமான கேள்வியே. அச்சு வெட்டியவனின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பொறிக்கப்பட்டதை மட்டும் படிப்பவர் நாணயத்தைப் பாதியே படித்தவர் ஆவர்.

இதனை உணரக் கிரேக்கம் வரை செல்ல வேண்டுவதில்லை. பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கே வெள்ளி என்பது பொருள். இந்நாட்டுத் தமிழர் பணத்தையும் வெள்ளி என்றே வழங்குகின்றனர். 1903-இல் நீரிணைக் குடியேற்ற அரசு வெளியிட்ட வெள்ளி நாணயத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முகம் இருந்தது. ஈயம் எடுத்தவர் முகமோ, பால்மரம் சீவியவர் முகமோ அதில் இல்லை. தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, ரப்பர் விலை வீழ்ந்த 1930-இல் 40, 32 எனக் குறைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியும் லாரியத்து அடிமையும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஒருவன் விலைக்கு விற்கப்பட்டவன். மற்றவன் குறைவாயினும் கூலி பெற்றவன். ஆயினும், இருவர் உழைப்புக்கும் நாணயத்தில் இடம் இல்லாது போயிற்று.

நண்பரின் தந்தையார் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபொழுது, அவருடைய சீவும் கத்தியும் சம்பளப் புத்தகமும் குப்பையோடு போயின என்று நண்பரே கூறினார். 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அயலார் காசுக்குப் பட்டு விரித்த பேழை; பெற்ற தந்தையின் கூலிக் கணக்குக்கு ஓர் இழுப்பறையும் இல்லை! அவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. நம் வீட்டிலும் அவ்வாறே நடந்தது.

கிரேக்க நாணயத்தை எறிந்துவிடுக என்று நாம் சொல்லோம். அதனருகே அதை வெட்டியெடுத்தவனின் 24 நாளையும் எழுதி வைக்குமாறே வேண்டுகின்றோம். நம் முதியோரிடம் எஞ்சியுள்ள சம்பளப் புத்தகங்களையும் அதே மதிப்புடன் காப்போமாக.

விடைபெறும்பொழுது நண்பர், "அத்தை வீட்டில் அப்பாவின் பழைய சீட்டு ஏதேனும் இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அது கிடைக்குமாயின், ஆந்தையின் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு.